ஒதுக்கிய கட்டங்கள்

வெண்குடைத் திட்டம் வந்து நாலு வருஷத்துக்குள் தூத்துக்குடி ஜனங்கள் பழைய சித்திரை மாதத்து வெயிலை மறந்தே போய்விட்டார்கள். கண்ணுக்கெட்டாத உயரத்தில் விமானங்கள் ஏதோ தூளைத் தூவிவிட்டுப் போகும். வானம் நீலம் வெளுத்து நீர்மோர் நிறத்தில் கிடக்கும். வெயில் அடிக்கும், ஆனால் உறைக்காது. நடுப்பகலில் செருப்பில்லாமல் தார் ரோட்டைத் தாண்டலாம். இப்படி ஒரு சொகுசைக் கொடுத்தவர்களிடம் யார் போய்க் கேள்வி கேட்பார்கள்? வெண்குடை ஆணையம் என்றால் சாமிக்கு அடுத்த படி என்று வைத்திருந்தார்கள்.

ஊருக்கு ஒரு சொகுசு வந்தால் அதன்மேல் சவாரி செய்ய ஆள் வராமல் இருக்குமா? உப்பள முதலாளிகள் வந்தார்கள். முன்பெல்லாம் பெண்கள் விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்துக் கரையேறிவிடுவார்கள். “இப்பத்தான் வெயிலே இல்லையே, என்ன அவசரம்?” என்று முதலாளிகள் நேரத்தை மாற்றினார்கள். பகல் முழுக்க வேலை, உச்சியிலும் வேலை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு, மேலே வெள்ளை வானம். நடுவில் முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் பெண்கள் வாருபலகையோடு நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தி தங்கபுஷ்பம். அவள் மகள் பெனிட்டா, ஊரின் பழைய கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம்.

ஒரு மாதமாக அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுகிறாள். “கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாரி இருக்குட்டி,” என்பாள். “கூட வேலை பாக்க மாரித்தாய்க்கும் இப்படித்தான். அளத்துல பாதிப் பேருக்கு இதே கூத்து.” டாக்டர், உப்புத் தூசி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். மருந்து தீர்ந்தது, எரிச்சல் தீரவில்லை.

மாரித்தாய் சும்மா இருக்கும் பெண்ணல்ல. அளத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், பழைய நேரம் வேண்டும், உச்சி வேலை வேண்டாம் என்று ஆணையத்தில் கேட்டாள். ஆணையம் மறுக்கவில்லை, அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். “உங்க பகுதி ஓசோன் ஆய்வு உங்க ஊர்க் கல்லூரியிலேயே நடக்குது. அறிக்கை வரட்டும். வெயில்ல கோளாறுன்னு அதுல இருந்தா நேரத்தை மாத்த உத்தரவு போட்டுருவோம்,” என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆய்வு பெனிட்டாவின் புராஜெக்ட். கேட்ட நாளிலிருந்து தங்கபுஷ்பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. “எம் மவதான் எழுதுதா. உச்சி வேலைய நிப்பாட்டித் தந்துருவா, நீங்க பாருங்க,” என்று அளம் பூராவும் சொல்லி வைத்துவிட்டாள்.

“ஓசோன்னா என்னட்டி?” என்று ஒரு நாள் மகளிடம் கேட்டாள்.

“ரொம்ப மேல இருக்க ஒரு காத்தும்மா. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு. அதுக்குச் சூடும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. ஓசோன் அதைத் தடுத்துக்கிடும். ஓசோன் மெலிஞ்சா அந்தக் கதிர் நேரா கண்ணுல வந்து இறங்கும்.”

“சூடே இல்லாமச் சுடுமாக்கும்?” அம்மா ஈரத்துணிக்கு அடியிலிருந்து சிரித்தாள். “நல்லாப் படிக்கிய போ.”

பெனிட்டா சிரிக்கவில்லை. அம்மாவின் கண்மேல் கிடந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புராஜெக்ட் இதுதான். செயற்கைக்கோள் நாள்தோறும் ஓசோனை அளந்து அனுப்பும். திரையில் அது சின்னச் சின்னக் கட்டங்களாக வரும், கட்டத்துக்கு ஓர் எண். மேகம் மறைத்தாலோ கருவி தடுமாறினாலோ அபத்தமான எண் வந்து உட்காரும். அப்படிப்பட்ட கட்டத்தை ‘ஒதுக்கு’ என்று குறிப்பது மாணவர் வேலை. ஒதுக்கிய கட்டத்தில் பக்கத்துக் கட்டத்து எண் நிரம்பிக்கொள்ளும். நாடு முழுக்கப் பிள்ளைகள் இப்படி ஒதுக்கினார்கள். அவர்கள் ஒதுக்குவதைப் பார்த்துப் பார்த்து ஆணையத்தின் கணினி கற்றுக்கொண்டு, பிற்பாடு தானே ஒதுக்கும். மாணவர் வானாய்வு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் அதை நடத்தியவர் ஆவுடைநாயகம் சார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நம்மூர் அறிவியல் படிப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ பிராக்டிகலிலேயே அது தொடங்கிவிடும். புத்தகத்தில் இருக்கும் விடையை முதலில் பார்த்துக்கொள்வது, அங்கிருந்து பின்னாலேயே நடந்து வந்து ரீடிங் போடுவது. ஊசல் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ரெக்கார்டு நோட்டில் புவியீர்ப்பு சரியாக வந்து நிற்கும். பிள்ளைகளுக்கும் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும். கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போடுவார்கள். ஆவுடைநாயகம் சார் ஒருவர்தான் கண்டுகொண்டவர். முதல் வருஷத்தில் பெனிட்டாவின் ரெக்கார்டை வகுப்பு நடுவே கிழித்துப் போட்டார். “வரலைன்னா வரலைன்னு எழுதும்மா. அதுக்கும் நான் மார்க் தருவேன்,” என்றார்.

அன்றைக்கு அழுதாலும் அதற்கப்புறம் அவர்மேல் அவளுக்குப் பக்தியே வந்துவிட்டது. பி.எஸ்ஸி. முடித்ததும் அம்மா அவளை ஏதாவது கம்பெனிக்கு அனுப்பப் பார்த்தபோது, சார் வீடு தேடி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே, இந்தப் பிள்ளையை நிறுத்தாதீங்க என்று அம்மாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அந்த வீட்டில் அவர் சொன்னால் அது வேத வாக்கு.

அந்த மனிதர்தான் புராஜெக்ட் தொடங்கிய அன்று, “நம்ம பக்கம் ஓசோன் இருநூத்தி அறுபதை ஒட்டித்தான் இருக்கும். இருநூத்தி முப்பதுக்குக் கீழ வந்தா அது கருவிக் கோளாறு. யோசிக்காம ஒதுக்கிரு,” என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால், விடையை முன்னாலேயே கையில் கொடுக்கிறாரே என்று அவளுக்கு உறைத்திருக்கும். சொன்னது சார். அவள் விழுந்து விழுந்து ஒதுக்கினாள். மாநிலத்திலேயே வேகமாக ஒதுக்கிய மாணவி என்று ஆணையம் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது.

அம்மாவின் கண் சிவக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் அந்தக் கட்டங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். தான் ஒதுக்கியதை மட்டும் வரைபடத்தில் போட்டாள்.

கருவிக் கோளாறு என்றால் கட்டங்கள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்க வேண்டும். இவை சிதறவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாகக் கூடி நின்றன. மாதத்துக்கு மாதம் அந்தக் கூட்டம் பெருத்தது. நடுவில் இருந்த கட்டங்களில் எண் இறங்கிக்கொண்டே போனது. அவள் ஒதுக்கியது கோளாறே அல்ல. அம்மாவின் தலைக்கு மேலே ஓசோன் மெலிந்துகொண்டிருந்தது, அதை ஒவ்வொரு நாளும் ஒழுங்காக அழித்தது அவள் கை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை அளக்கும் பரிசோதனைக் கூடத்துக் கதிர்மானியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய் உச்சியில் பிடித்துப் பார்த்தாள். வெயில் மார்கழி வெயில் போல இதமாக இருந்தது. மானியின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது.

நேரே சாரிடம் ஓடினாள். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இதும்மா புராஜெக்ட்டு,” என்றார். “இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு ஸ்டூடன்ட் கிடைச்சிருக்கா.”

பெனிட்டா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “என் தப்பு சார். நான்தான் ஒதுக்கினேன்.”

“அதை விடு. திருத்திட்டே இல்ல? ஆணையத்துக்கு நானே நேர்ல கொண்டு போறேன். நீ போனா சின்னப் பொண்ணுன்னு பேசவே விடமாட்டாங்க. எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துட்டுப் போ. அறிக்கையை நானே சரிபார்த்து டைப் அடிக்க வச்சிருதேன். முதல் பக்கத்துல மட்டும் கையெழுத்துப் போட்டுரு.”

முதல் பக்கத்தில், இது என் சொந்த ஆய்வு, இதில் உள்ளவை உண்மை என்று இருக்கும். உள்ளே ஒரு வரி அச்சாவதற்கு முன்பே எல்லாப் பிள்ளைகளும் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது வழக்கம். அவளும் போட்டாள். பேனாவை மூடும்போது மனசு லேசாகியிருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “இனிமே உச்சி வேலை இருக்காதும்மா,” என்று சொன்னாள். தங்கபுஷ்பம் அவளுக்கு நெத்திலி வாங்கி வறுத்தாள்.

அறிக்கை பத்திரிகையில் வந்தது. பெனிட்டாவின் படத்தையும் போட்டிருந்தார்கள். ‘உப்பளத் தொழிலாளி மகளின் சாதனை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கடலோர ஓசோன் நலமாக இருப்பதை மாணவி உறுதிசெய்துள்ளார். குறைந்த அளவீடுகள் அனைத்தும் கருவிக் கோளாறே என நிறுவியுள்ளார். அவரது ஒதுக்கல் முறையை இனி ஆணையத்தின் கணினி நாடு முழுவதும் பின்பற்றும். உப்பள வேலை நேரத்தை மாற்ற அவசியமில்லை.

அவள் இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை, பத்திரிகைக்காரன் தலைகீழாக எழுதிவிட்டான் என்றுதான் நினைத்தாள். சாரைச் சந்தேகிக்க அவளுக்குத் தெரியவில்லை.

சார் தன் அறையில் தனியாக இருந்தார். அவளைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“யாரு சார் மாத்துனது?”

“நான்தான்.”

கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஏன் சார்?”

“உட்காரும்மா. வெண்குடைக்கு முந்தின வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கா? வெயில் தாங்காமச் செத்தவங்களை ஆஸ்பத்திரி வராந்தாவுல அடுக்கி வச்சிருந்தாங்க. என் வீட்டுக்காரி பஸ் ஸ்டாப்புல நின்னவ அப்படியே சரிஞ்சா. நான் போறதுக்குள்ள ஆறிப் போயிட்டா. இப்ப சித்திரையில யாரும் சாகல. அந்தத் தூளு ஓசோனைக் கொஞ்சம் தின்னும், ஆமா. திட்டம் முடிஞ்சா ஓசோன் திரும்ப வளரும். செத்தவங்க வர மாட்டாங்க.”

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

“திட்டத்தை நிறுத்தச் சொல்லலையே சார். அளத்துல உச்சி வேலையை நிறுத்தணும், கண்ணுக்குக் கண்ணாடி குடுக்கணும். அதுகூடவா முடியாது?”

“இந்த ஊருக்கு நேரத்தை மாத்தினா ஏன்னு கேப்பாங்க. பதில் சொன்னா பயந்துருவாங்க. பயந்தா விமானம் நின்னுரும். ஒரு நூல் இழுத்தா போதும்மா, துணியே பிரிஞ்சிரும்.”

“அந்த நூலுக்கு எங்கம்மா கண்ணா கிடைச்சுது?”

சார் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

“எங்க மூலமா ஏன் செஞ்சீங்க? ஆணையத்துலயே விஞ்ஞானிங்க இருக்காங்கள்ல?”

“அவங்க கேள்வி கேப்பாங்க,” என்றார் சார் மெதுவாக. “ஆணையத்துல எங்கிட்ட யோசனை கேட்டாங்க. பிள்ளைங்க கிட்ட விடுங்கன்னு நான்தான் சொன்னேன். இத்தனை வருஷமா ரெக்கார்டு திருத்துறேன்மா. விடையை மட்டும் சொல்லிட்டா நீங்க ரீடிங் போட்டுருவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு. ரெக்கார்டைக் கிழித்த கை அது. வரலைன்னா வரலைன்னு எழுதச் சொன்ன வாய் அது. அவர் அவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று அவள் நம்பியிருந்தாள். அவரோ அவர்களை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

“எங்கிட்ட போன்ல படம் இருக்கு,” என்றாள். “எல்லாக் கட்டமும் இருக்கு. வெளிய போடுவேன்.”

“போடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ, கோளாறுன்னு குறிச்சவர் பெனிட்டான்னு இருக்கும். நீயே கோளாறுன்னு ஒதுக்குனதை நீயே உண்மைங்கிற. யாரு நம்புவா?” சார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “ஆணையத்துல உனக்கு வேலைக்குச் சொல்லியிருக்கேன். உங்கம்மாவை அளத்துக்கு அனுப்பாத. வீட்டுல வச்சுப் பாத்துக்க.”

“மத்தவங்களை யாரு சார் பாத்துக்குவா?”

கதவைச் சாத்தாமல் அவள் வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து அழுதாள். பெற்ற அப்பா விட்டுப் போனபோதுகூட அவள் இப்படி அழுததில்லை.

வீடு பூட்டியிருந்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். ஆட்டோ பிடித்து அளத்துக்குப் போய் இறங்கியபோது உச்சி நேரம். கங்காணி பத்திரிகையைக் கொட்டகைத் தூணில் ஒட்டி வைத்திருந்தார். பெண்கள் வரப்பில் கூட்டமாக நின்றார்கள். பெனிட்டாவைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள்.

“வாம்மா சாதனைக்காரி,” என்றாள் மாரித்தாய். அவள் இமைகள் வீங்கிக் கண் கோடாகிப் போயிருந்தது. “வெயில்ல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டியாமே. எங்க வயித்துல நல்லா அடிச்சட்டி.”

“நான் எழுதலக்கா. சத்தியமா நான் எழுதுனது வேற. சார் மாத்திட்டாரு.”

“கையெழுத்து யாருது?”

“என்னுதுதான். முன்னாலயே போட்டுக் குடுத்துட்டேன்…”

“கேட்டியளா கதைய?” மாரித்தாய் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “வெறுந்தாள்ல கையெழுத்துப் போடுததுக்கா எம்மெஸ்ஸி படிச்சா?”

கூட்டத்துக்குள் இருந்து தங்கபுஷ்பம் முன்னால் வந்தாள். “ஏளா, வாயை அடக்கு. எம் மவ பொய் எழுத மாட்டா. அந்த சாரும் அப்படிப்பட்ட ஆளு இல்ல. எங்க வீட்டுக்கு வந்து இவளப் படிக்க வச்ச மனுசன். இவ ஏதோ உங்களுக்குப் பயந்துக்கிட்டு மாத்திப் பேசுதா.”

“அப்ப நம்ம கண்ணு பொய் சொல்லுதாக்கும்?”

“ஆமா. கண்ணுதான் பொய் சொல்லுது. உப்புல எரியுது. எம் மவ படிச்சவ, அவளுக்குத் தெரியாதா?”

“அம்மா, நான் சொல்லுதத கேளு. சார் நம்மள ஏமாத்திட்டாரும்மா…”

“நீ சும்மா இருட்டி. பேப்பர்லயே போட்டுட்டான். இவளுவளுக்குப் பொறாமை.” தங்கபுஷ்பம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வரப்பில் எறிந்தாள். விறுவிறுவென்று பாத்தியில் இறங்கி நடுவில் போய் நின்றாள். “எல்லாரும் பாருங்கட்டி. எம் மவ ஒண்ணும் செய்யாதுன்னு எழுதியிருக்கா. நான் நிக்கேன். சாயங்காலம் வரைக்கும் நிக்கேன். ஒண்ணும் செய்யாது.” சொல்லிவிட்டு முகத்தை அண்ணாந்து, சிவந்த கண்ணை விரியத் திறந்து வானத்தைப் பார்த்தாள்.

“அம்மா, கண்ணை மூடு! அம்மா!”

பெனிட்டா பாத்திக்குள் குதித்து ஓடிக் கையைப் பிடித்து இழுத்தாள். உப்பு சுமந்து இறுகிய உடம்பு, அசையவில்லை. “விடுட்டி. எம் பிள்ளையப் பொய்க்காரிங்கிறாளுவ. நான் பாத்துக்கிட்டு இருக்கவா?” கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடைக்கு வந்தது. இமைக்க மறுத்தாள்.

உண்மையை எத்தனை தடவை சொன்னாலும் அம்மா இறங்கி வர மாட்டாள் என்று பெனிட்டாவுக்குப் புரிந்தது. அம்மா அங்கே நிற்பது மகள்மேல் வைத்த நம்பிக்கையில். அதைப் பிடுங்கினால்தான் அவள் கரையேறுவாள். சாரிடம் அடி வாங்கிய இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதே அடியைத் தன் கையால் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.

அவள் அம்மாவின் கையை விட்டாள். வரப்பில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“நான்தாம்மா பொய் எழுதினேன். ஓசோன் போயிருச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆணையத்துல வேலை தாரோம்னாவ. அதுக்காக மாத்தி எழுதினேன். சார் மேல சும்மா பழி போட்டேன்.”

தங்கபுஷ்பம் முகத்தை இறக்கினாள். மகளை உற்றுப் பார்த்தாள். கலங்கிய கண்ணுக்கு முகம் சரியாகத் தெரிந்ததோ என்னவோ, கிட்டே வந்து பார்த்தாள்.

“நெசமாவா?”

“நெசந்தான்.”

“எங்க கண்ணு போவும்னு தெரிஞ்சா எழுதுன?”

“ஆமா.”

அம்மா அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. தண்ணீரைக் காலால் துழாவிக்கொண்டே மெல்ல நடந்து கரைக்கு வந்தாள். தடுமாறியவளை மாரித்தாய் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சற்று முன் வாய்ச்சண்டை போட்ட இருவரும் சேர்ந்து கொட்டகை நிழலுக்கு நடந்தார்கள். மற்றவர்கள் வாருபலகைகளை வரப்பிலேயே போட்டுவிட்டு அவர்கள் பின்னால் போனார்கள். கங்காணி கத்திப் பார்த்தார். ஒருத்தி திரும்பி, “எழுதுனவளே பொய்யினுட்டா, இனி என்னத்துக்கு இறங்கணும்?” என்றாள்.

மாரித்தாய் மட்டும் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏட்டி, இதை ஆணையத்துல வந்து சொல்லுவியா?”

“சொல்லுதேன்.”

“எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்.”

“தாரேன்,” என்றாள் பெனிட்டா.

அம்மா தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் கண்ணுக்கு ஈரத்துணி நனைத்துக் கொடுத்தார்கள். பெனிட்டா நிழலுக்குப் போகவில்லை, அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்தது. பாத்தியில் ஒருத்தியும் இல்லை.